ஒரே நாவலா, வாசிப்பு வட்டமா, அவரவர் தேர்வா? ஆங்கில வகுப்புக்குள் இளையோர் நாவல்களைக் கொண்டுவரும் மூன்று வழிகள்

பாடப்புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இளையோர் நாவல்களையும் பிள்ளைகள் கையில் கொடுத்தே தீருவது என்று முடிவெடுத்த ஆங்கில ஆசிரியர், சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார். வகுப்பில் இருக்கும் 30 பேருக்கும் ஒரே நாவலைக் கொடுப்பதா? ஐந்தைந்து பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாவல் கொடுப்பதா? அவரவருக்குப் பிடித்ததை அவரவரே எடுத்துப் படிக்கட்டும் என்று விடுவதா?

மூன்றுக்கும் தீவிர ஆதரவாளர்கள் உண்டு. மூன்றும் நன்றாக நடக்கும் வகுப்புகளும் உண்டு, மூன்றும் சொதப்பிய வகுப்புகளும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது மாணவர்களின் ஆங்கில நிலை, பீரியட் நேரம், கையில் இருக்கும் பிரதிகள், சிலபஸ் நெருக்கடி எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறோம். ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்: இந்த ஆசிரியர் இதுவரை எத்தனை இளையோர் நாவல்களைப் படித்திருக்கிறார்? எங்கள் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மற்றக் கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகு.

இளையோர் நாவல் என்றால் பொதுவாக 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கானது. 1967இல் வெளிவந்த எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அதை எழுதத் தொடங்கியபோது ஹின்டனே பள்ளி மாணவிதான். இந்த வகை நாவல்களின் அடிப்படைக் குணம் அதில் தெளிவாகத் தெரியும். பல வருடம் கழித்து, வளர்ந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை அல்ல அது; சிக்கலுக்குள் இருக்கும்போதே அந்த வயதுக்காரர் பேசும் கதை. சொல்பவருக்கே முடிவு தெரியாது, தன் தவறும் தெரியாது. அதனால்தான், 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று பழக்கத்தில் கேட்டுவிட்டால் வகுப்பு அந்த நிமிடமே உறைந்துபோகிறது. 'இவன் சொல்றதை நம்பலாமா?' என்று கேட்டால் பத்துக் கைகள் உயரும்.

முதலில் நேரக் கணக்கு

எந்த முறையானாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். சராசரி இளையோர் நாவல் ஒன்றில் சுமார் 60,000 சொற்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கும் மாணவருக்கு அது 400 நிமிட வேலை. தினமும் வகுப்பில் 15 நிமிடம் என்றால் 27 வகுப்பு நாட்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்து, நிமிடத்துக்கு 100 சொல் மட்டுமே படிக்கும் மாணவருக்கு அதே நாவல் 600 நிமிடம், அதாவது 40 வகுப்பு நாட்கள். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். கவிதை வடிவில் எழுதப்பட்ட நாவல்களில் சுமார் 20,000 சொற்கள்தான் இருக்கும். 150 சொல் வேகத்தில் அது 9 நாளில் முடிந்துவிடும். வாழ்க்கையில் ஒரு ஆங்கில நாவலைக்கூட முடித்திராத பிள்ளைக்கு, முடித்தோம் என்ற உணர்வை 9 நாளில் கொடுக்க முடிவது பெரிய விஷயம்.

சொல் கடினத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. துணையில்லாமல் கதையைப் புரிந்து படிக்க, பக்கத்தில் உள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்றல் ஆய்வாளர்களான ஹூ, நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாத சொல் 5 வரை இருந்தால் தனியாகப் படிக்கலாம். 12, 13 என்று போனால் ஆசிரியரோ ஒலிப்புத்தகமோ கூட இருக்க வேண்டும். மாணவரையே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் எண்ணக் கூடாது. எந்த எழுத்தாளரும் முதல் பக்கத்தில் கூடுதலாக அலங்கரிப்பார், அதை வைத்துப் பிள்ளைகள் நல்ல புத்தகத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

முழு வகுப்புக்கும் ஒரே நாவல்

இதன் பலம் பொதுப் பேச்சு. 30 பேரும் ஒரே இரவில் ஒரே அத்தியாயத்தைப் படித்துவிட்டு வருவதால் வரும் விவாதத்தை வேறு எந்த முறையாலும் தர முடியாது. நம்பத்தகாத கதைசொல்லி, கால மாற்றம், குறியீடு போன்றவற்றை ஒரே இடத்தில் எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கவும் இதுதான் வசதி. ஆசிரியருக்கு ஒரே ஒரு நாவலை ஆழமாகத் தெரிந்தால் போதும். புதிதாக வேலையில் சேர்ந்தவர் இதிலிருந்து தொடங்குவதில் தவறே இல்லை.

தேவைப்படுவது 30 பிரதி, தொலைவதற்கும் கிழிவதற்கும் இன்னொரு 2. நாவல் 200 பக்கத்துக்குள் இருக்கட்டும். மூன்று வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், 12 முதல் 15 பீரியடில் முடிந்துவிட வேண்டும். முதல் அத்தியாயத்தை ஆசிரியரே சத்தமாக வாசிப்பது நல்லது. 20, 25 நிமிடம் ஆகும். பெயர்கள், இடம், பேச்சுவழக்கு எல்லாம் ஒரே நேரத்தில் மோதுகிற இடம் அது. பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். குரலோடு கேட்டுவிட்டால் பிறகு தனியாகப் படிக்கும்போதும் அந்தக் குரல் காதில் ஓடும்.

சொதப்புவது எங்கே என்றால், அதிகமாகப் பாடம் நடத்துவதில். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, அருஞ்சொற்பொருள் எழுதி, அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி கொடுத்து, 200 பக்க நாவலை ஏழு வாரம் நடத்துகிறார்கள். வேகமாகப் படிக்கும் பிள்ளை இரண்டாம் நாளே முடித்துவிட்டு, முடிவைச் சொல்ல முடியாமல் ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மெதுவாகப் படிக்கும் பிள்ளை இணையத்தில் கதைச்சுருக்கம் பார்த்து விடை எழுதும். இரண்டு பேரும் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள் என்பதால் எதுவும் வெளியே தெரியாது. மொத்த நாவலுக்கும் நான்கே நான்கு நிறுத்தங்கள் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல கேள்வி போதும்.

இரண்டாவது ஆபத்து உள்ளடக்கம். வன்முறை, தற்கொலை, போதை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றை இளையோர் நாவல்கள் நேரடியாகப் பேசும், பேசவும் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் கட்டாயமான புத்தகத்தில் அது வரும்போது, அதை வீட்டிலேயே அனுபவித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எழுந்து போக வழியில்லை. அந்தப் பிள்ளை யார் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே கட்டாய நாவலுக்கு எப்போதும் ஒரு மாற்று நாவலை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள், அதையும் அதே நாளில் அறிமுகப்படுத்துங்கள். கேட்டு வாங்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெற்றோர் ஆட்சேபம் வந்தால் பேசுவதற்கு ஒரு பக்கக் குறிப்பு தேவை. கதை என்ன, இந்த வகுப்புக்கு ஏன், சங்கடமான பகுதிகள் எந்தப் பக்கங்களில், அவற்றை வகுப்பில் எப்படிக் கையாளப் போகிறோம், மாற்று என்ன: இந்த ஐந்தும் அதில் இருக்க வேண்டும். புத்தகம் தொடங்குவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு எழுதினால் அது விளக்கமாக இருக்காது, சமாதானமாகத்தான் தெரியும். கட்டாயப் பாடத்துக்கும் விரும்பி எடுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1982இல் வந்த ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் எதிர் பிக்கோ வழக்கில், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துவிட முடியாது என்றது முதன்மைக் கருத்து (நீதிபதிகளில் பெரும்பான்மையினர் முழுதாகச் சேராத கருத்து அது). ஆனால் அது நூலகத்தைப் பற்றித்தான் பேசியது, பாடத்திட்டத்தை அது தொடவில்லை. கட்டாயமாக வைக்கும் நாவலுக்கு ஆசிரியர்தான் தனியாக நியாயம் சொல்ல வேண்டியிருக்கும்.

வாசிப்பு வட்டம்

ஐந்து பேர், ஒரு நாவல், நான்கு சந்திப்பு, மூன்று வாரம். இதன் எலும்புக்கூடு இவ்வளவுதான். மூன்று பேர் குழு என்றால் ஒருவர் விடுப்பு எடுத்தாலே பேச்சு நின்றுபோகும். ஆறு, ஏழு பேர் என்றால் இரண்டு பேர் ஒளிந்துகொள்வார்கள். நான்கோ ஐந்தோதான் சரியான அளவு.

30 பேருக்கு 6 குழு. 7 நாவல்களை முன்வையுங்கள், யாருமே எடுக்காத ஒன்று கழிந்துபோகட்டும். நாவலுக்கு இரண்டு நிமிடம் என்று கையில் கொடுத்துச் சுற்றவிட்டு, சீட்டில் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பத்தை எழுதி வாங்குங்கள். அதை வைத்து நீங்கள் குழு பிரியுங்கள். வாசிப்புத் தரத்தை வைத்துப் பிரிக்கவே கூடாது. 'நம்ம மக்கு குரூப்' என்று பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கடினமான புத்தகத்தை ஆசைப்பட்டுக் கேட்கும் மாணவருக்கு ஒலிப்புத்தகத்தைத் துணையாகக் கொடுத்து அதையே படிக்கவிடுங்கள்.

240 பக்க நாவலை நான்காகப் பிரித்தால் ஒரு சந்திப்புக்கு 60 பக்கம். எங்கே வெட்டுவது என்பதைக் குழுவிடமே விடலாம், ஆனால் அத்தியாய முடிவில்தான் வெட்ட வேண்டும். சந்திப்பு 20 முதல் 25 நிமிடம். அதற்கு மேல் போனால் அரட்டை, அதற்குள் முடித்தால் பேச்சு சூடேறும் நேரத்தில் மணி அடித்துவிடும்.

வாசிப்பு வட்டம் பரவலானதில் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் வெளியிட்ட நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் சொல் தேடுபவர், ஒருவர் காட்சி வரைபவர் என்று பொறுப்புத் தாள்கள் கொடுக்கும் வழக்கமும் அதோடு பரவியது. தாளே பேச்சை விழுங்கிவிடுகிறது என்று பின்னர் அவரே எச்சரித்தார். வகுப்பில் பார்த்தால் ஏன் என்று உடனே புரியும்: ஐந்து பேரும் வரிசையாகத் தங்கள் தாளைப் படிப்பார்கள், 'முடிச்சிட்டோம் சார்' என்பார்கள். ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் சந்திப்புக்கு மட்டும் தாளைக் கொடுங்கள். இரண்டாவதிலிருந்து ஒட்டும் சீட்டு போதும். படிக்கும்போது நெருடிய இடத்தில் ஒன்று, கோபம் வந்த இடத்தில் ஒன்று, நிச்சயம் மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றும் இடத்தில் ஒன்று என்று மூன்று சீட்டோடு வந்தால் 25 நிமிடம் போதாது.

வழக்கமாக வரும் மூன்று சிக்கல்கள். ஒருவர் படிக்காமல் வருவார். அவரை வெளியே அனுப்பாதீர்கள், குழுவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து விட்ட பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். தன் நண்பர்கள் கதையைப் பற்றிச் சண்டை போடுவது காதில் விழும், அடுத்த முறை பெரும்பாலும் படித்துவிட்டு வருவார். ஒருவர் மட்டுமே பேசுவார். ஆளுக்கு மூன்று வில்லை கொடுத்து, பேசும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். தீர்ந்தவர் மற்றவர்கள் தீர்க்கும்வரை கேட்க வேண்டும். மூன்றாவது சிக்கல் நாமே. ஆசிரியர் குழுவில் போய் உட்கார்ந்தவுடன் ஐந்து முகமும் அவர் பக்கம் திரும்பும், பேச்சு அவருக்கான விடையாக மாறிவிடும். வட்டத்துக்கு வெளியே நின்று, காதில் விழும் நல்ல வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அவற்றைப் பெயர் சொல்லாமல் வகுப்புக்கு வாசித்துக் காட்டினால், எது நல்ல பேச்சு என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

இந்த முறைக்கு ஆசிரியர் அந்த ஏழு நாவலையும் படித்திருக்க வேண்டும். நான்கைப் படித்துவிட்டு மூன்றை அட்டையைப் பார்த்து அறிமுகப்படுத்தினால், அந்த மூன்றின் மேல் பிள்ளைகளுக்கு ஆர்வம் வராது. அறிமுகக் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

அவரவர் தேர்வு

எங்கள் சாய்வு இந்தப் பக்கம்தான். அதை மறைக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகும், பள்ளி முடிந்த பிறகும் படிக்கிற ஆளை உருவாக்குவது, தானே புத்தகம் தேர்ந்தெடுக்கும் பழக்கம். முதல் முறையில் அதைப் பழகவே வாய்ப்பில்லை, இரண்டாவதில் பாதி வாய்ப்பு. ஆனால் மூன்றில் இதுதான் எளிது என்று நினைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. 'எடுத்துப் படிங்க' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் விடைத்தாள் திருத்தும் வகுப்பில் ஒன்றும் நடக்காது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் கொடுத்த அறிக்கையை இந்த முறைக்கு எதிராக அடிக்கடி காட்டுவார்கள். வழிகாட்டல் அதிகம் இல்லாத மௌன வாசிப்பு படிக்கும் திறனை உயர்த்துகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் அது சொன்னது. பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்லவில்லை. பிள்ளையைத் தனியே விடாமல் கூடப் போய்ப் பேச வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பீரியடின் முதல் 15 நிமிடம் வாசிப்புக்கு. கடைசி 15 நிமிடம் என்று வைத்தால் பாடம் நீண்டு அதைத் தின்றுவிடும். ஒரு மாதத்தில் அந்த நேரமே காணாமல் போகும். தொடங்கும்போது ஒவ்வொருவரும் புத்தகப் பெயரையும் பக்க எண்ணையும் சொல்ல, ஆசிரியர் ஒரே தாளில் குறித்துக்கொள்கிறார். 1987இல் வெளியான நான்ஸி ஆட்வெல்லின் நூல் வழியே பலர் கற்றுக்கொண்ட பழக்கம் இது. 30 பேருக்கு மூன்று நிமிடம் ஆகும். இந்தத் தாள் ஒரு வாரத்துக்குள் பேசத் தொடங்கிவிடும். ஒரே நாளில் 90 பக்கம் தாண்டியவர், மூன்றாவது முறையாகப் புத்தகம் மாற்றியவர், பக்க எண் நகராதவர் என்று எல்லோரும் அதில் தெரிவார்கள்.

பிறகு ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேச வேண்டும். ஒருவருக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு நாளில் மூன்று பேர், 30 பேரையும் சுற்றிவர 10 வகுப்பு நாள். பேச்சு இப்படிப் போகும்:

"எத்தனாம் பக்கம்?"

"நாற்பத்தொண்ணு, மிஸ்."

"திங்கட்கிழமையும் நாற்பத்தொண்ணுதானே சொன்னே?"

"ஆமா மிஸ். ஆஸ்பத்திரி வர்ற இடத்துல இருந்து நகரவே மாட்டேங்குது."

"புரியலையா, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு மிஸ். ஆனா திடீர்னு அண்ணன் உயிரோட வந்து பேசுறான். முப்பதாம் பக்கத்துல செத்துட்டான்ல?"

"எழுத்து சாய்வா இருக்கிற பத்தி எல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. அதை மனசுல வச்சுக்கிட்டு முப்பத்தெட்டுல இருந்து மறுபடி படிச்சுப் பாரு. நாளைக்குச் சொல்லு."

ஒரு நிமிடத்தில் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. ஆனால் அந்த நாவலைப் படித்திராத ஆசிரியராக இருந்தால் இந்தப் பதிலைக் கொடுத்திருக்க முடியாது. 'கவனமா படி' என்று சொல்லியிருப்பார், மாணவர் மறுநாள் புத்தகத்தைத் திருப்பி வைத்திருப்பார். ஆசிரியரின் வாசிப்புதான் முதல் அளவுகோல் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஒரே நாவல் முறையில் அந்தக் குறை மறைந்துவிடும், வட்டத்தில் ஓரளவு தெரியும், அவரவர் தேர்வில் ஒவ்வொரு நாளும் முகத்தில் அடிக்கும்.

வகுப்பு நூலகத்துக்கு ஆளுக்கு ஏழு வீதம் சுமார் 200 புத்தகம் இருந்தால் சௌகரியம். இல்லாவிட்டால் 60இல் தொடங்குங்கள். அந்த 60இல் பாதியையாவது ஆசிரியர் படித்திருந்தால், யாரோ கழித்துக் கொடுத்த 300 புத்தகங்களைவிட அது நன்றாக ஓடும். கவிதை நாவல், படக்கதை, சிறுகதைத் தொகுப்பு, தொடர் நாவல்களின் முதல் இரண்டு பாகம், உண்மை வாழ்க்கைக் கதை எல்லாம் கலந்திருக்கட்டும். படக்கதையைத் தீண்டத்தகாததாக ஒதுக்கிவிடாதீர்கள். பேச்சையும் படத்தையும் சேர்த்துப் பொருள்கொள்வது சுலபமான வாசிப்பு அல்ல. நாயகனோ நாயகியோ வாசிப்பவரைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருந்தால் பிள்ளைகள் விரும்பி எடுப்பார்கள், சின்ன வயது நாயகரை எடுக்க மாட்டார்கள். 13 வயதுக்காரருக்கு 15 வயது நாயகன்.

புத்தகங்களில் தன்னைப் போன்றவர்களையும் பார்க்க வேண்டும், தன்னைப் போல் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில் புத்தகங்களைக் கண்ணாடி என்றும் சன்னல் என்றும் சொன்னது இதைத்தான். அலமாரியைச் சோதிக்க எளிய வழி: வகுப்பில் மிக அமைதியான மூன்று பேரை நினைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடிப் புத்தகத்தை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கை எங்கே தயங்குகிறதோ அடுத்த கொள்முதல் அங்கே.

புத்தகம் தொலையும். அதற்கு அபராதம் போட்டு அலமாரியைப் பூட்டியவர்களின் புத்தகங்கள் பத்திரமாக இருக்கும், யாரும் படிக்காமல். திரும்பி வராத புத்தகம் பெரும்பாலும் யாருக்கோ மிகவும் பிடித்த புத்தகம். அதே தலைப்பை இன்னொரு பிரதி வாங்குங்கள்.

மதிப்பெண் எப்படிக் கொடுப்பது

மூன்று முறையிலும் கெட்டுப்போகக்கூடிய இடம் இது. அமெரிக்க இலக்கியக் கல்வி அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதலே, வாசகரும் பிரதியும் சந்திக்கும் இடத்தில்தான் இலக்கியம் நடக்கிறது என்று எழுதிவந்தவர். தகவல் எடுத்துக்கொண்டு போவதற்காகப் படிப்பதும், படிக்கும் நேரத்தில் அதை வாழ்ந்து பார்ப்பதும் வெவ்வேறு என்று 1978இல் வெளியான தன் நூலில் பிரித்துக் காட்டினார். 'நாயகனின் சட்டை என்ன நிறம்?' என்று ஒரு தேர்வு வைத்தால், இரண்டாவது வகை வாசிப்பை முதல் வகையாக மாற்றிவிடுகிறோம். அடுத்த நாவலில் பிள்ளைகள் சட்டை நிறத்தைத்தான் தேடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மனம் மாறிய இடம் எது, எந்த வாக்கியத்தால் மாறியது என்று அந்த வாக்கியத்தை எடுத்து எழுதிக் காட்ட வேண்டும். படிக்காமல் இதை எழுத முடியாது. நான்கு வரியில் ஆசிரியரின் பதிலும் போக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது கடிதத்தில் சுருதி இறங்கிவிடும்.

செவ்வியல் நாவலோடு இளையோர் நாவலைச் சேர்த்து நடத்தும் இணைவாசிப்பைப் பற்றியும் கேட்பார்கள். சிலபஸ் இறுக்கமாக இருக்கும் இடத்தில் அது நல்ல நுழைவாயில். ஆனால் இளையோர் நாவலை ஒரு வாரத்தில் தள்ளிவிட்டு, 'இப்போ உண்மையான இலக்கியத்துக்கு வருவோம்' என்ற தொனியில் நடத்தினால், அதைக் கொண்டுவராமலே இருந்திருக்கலாம். இரண்டுக்கும் சம நாட்கள் ஒதுக்க முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

எப்போது எது

மூன்றையும் எதிரெதிரே நிறுத்தாமல் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் படித்த இளையோர் நாவல்கள் 10க்குக் குறைவு என்றால், இந்த வருடம் ஒரே நாவல், மூன்று வாரம், அதோடு வாரத்தில் இரண்டு நாள் சத்தமாக வாசித்துக் காட்டுவது. 10 முதல் 40 என்றால் வருடத்தில் இரண்டு வாசிப்பு வட்டம். 40ஐத் தாண்டிவிட்டால் தினமும் 15 நிமிடம் அவரவர் தேர்வைத் தளமாக வைத்து, அதன் மேல் ஒரு பொது நாவலும் ஒரு வட்டமும். இந்த எண்கள் ஆய்வு முடிவல்ல, எங்கள் கணிப்பு. ஆனால் படித்திராமல் மூன்றாவது முறைக்குத் தாவியவர்கள் அடுத்த வருடமே கைவிட்டு, 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க படிக்க மாட்டாங்க' என்று சொல்லத் தொடங்குவதுதான் எங்களை வருத்துகிறது. படிக்காதது பிள்ளைகள் மட்டுமல்ல.

மாதம் இரண்டு நாவல் என்றால் வருடத்துக்கு 24. இரண்டு வருடத்தில் 48. வேலைப்பளுவுக்கு நடுவே இது நடக்கக்கூடிய அளவுதான். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் அமெரிக்காவில் இளையோர் நூல்களுக்கு 2000 முதல் வழங்கப்படும் பிரின்ஸ் விருதுப் பட்டியலும், பிரிட்டனில் சிறுவர், இளையோர் நூல்களுக்கு 1936 முதல் வழங்கப்படும் கார்னகி பதக்கப் பட்டியலும் நல்ல தொடக்கம். விருது வாங்கியது எல்லாமே பிள்ளைகளிடம் ஓடும் என்று நினைக்க வேண்டாம். அதனால் நான்கில் ஒன்றை மாணவர்களிடமே கேட்டு வாங்கிப் படியுங்கள். 50 பக்கம் தாண்டியும் பிடிக்காததை ஆசிரியரும் கீழே வைக்கலாம், அதை வகுப்பில் சொல்லவும் சொல்லலாம்.

படித்து முடித்த அன்றே ஒரு குறிப்பு அட்டை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒன்றும் நினைவிருக்காது. இந்த அளவு போதும்: நாயகி 15 வயது, 212 பக்கம், கவிதை வடிவம், பக்கம் 96இல் தற்கொலை முயற்சி, தடித்த புத்தகத்தைப் பார்த்தாலே பயப்படுகிறவருக்கு, சத்தமாக வாசிக்கப் பக்கம் 7 முதல் 9 வரை. கடைசி வரிதான் மிக முக்கியம். புத்தக அறிமுகத்துக்கு உங்களுக்கு 90 விநாடிதான் இருக்கிறது. யார், என்ன சிக்கலில் மாட்டியிருக்கிறார் என்று இரண்டு வாக்கியம், பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பு, பரபரப்பான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மூடுவது. 'அருமையான புத்தகம், எல்லோரும் படியுங்கள்' என்ற வாக்கியத்தால் ஒரு புத்தகமும் அலமாரியை விட்டு நகர்ந்ததில்லை.

இதையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொள்கிறவருக்குச் சில வருடங்களில் இன்னொரு தேர்வும் வரும்: வகுப்பிலேயே இருப்பதா, பள்ளி நூலகத்துக்குப் போவதா, ஆசிரியர் பயிற்சிக்கு நகர்வதா. நூலகர் முழுப் பள்ளியையும் தொடுகிறார், ஆனால் ஒரே பிள்ளையைத் தினமும் பார்க்கும் வாய்ப்பு குறைவு. பயிற்சியாளர் கையில் ஒரு வருடத்துக்கு எத்தனையோ புது ஆசிரியர்கள், அவர்கள் வழியே ஆயிரக்கணக்கான மாணவர்கள். அமெரிக்காவில் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றத்துக்குள் 1973இல் உருவான ஆலன் என்ற அமைப்பு, வகுப்பாசிரியர், நூலகர், பேராசிரியர், எழுத்தாளர் எல்லோரையும் இளையோர் இலக்கியத்துக்காக ஒரே மேசையில் உட்காரவைத்தது. எங்கே இருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு அதுவே போதும். பயிற்சிக்கு நகர்கிறவர் ஒன்றை மட்டும் கைவிடக் கூடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஏதாவது ஒரு பள்ளியில் 14 வயதுக்காரர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். நமக்குப் பிடித்த புத்தகத்தில் அவர்கள் நெளியும் இடத்தை வேறு எந்த வழியிலும் தெரிந்துகொள்ள முடியாது.

எந்த முறையானாலும், நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் அலமாரியைத் திறந்துவிடுங்கள். ஆளுக்கு ஐந்து புத்தகம், பெயரும் தலைப்பும் மட்டும் ஒரு நோட்டில். விடுமுறை முடிந்து முதல் நாள் அந்த நோட்டை வைத்து ஒவ்வொருவரிடமும் எதை முடித்தாய், எதைப் பாதியில் விட்டாய், எதை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், புது வருடத்துக்கு என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் அன்று மாலையே தயார்.